முப்பதாவது கட்டம்

சுங்குவார்சத்திரத்தில் எங்கள் தெருவில் யார் எத்தனை மணிக்குத் திரும்பினார்கள், யார் கையில் என்ன பை இருந்தது என்று கவனிப்பதை நான் ஒரு வேலையாக வைத்துக்கொள்ளவில்லை. மாவுக் கடை வாசலில் உட்கார்ந்திருக்கிறேன், கண் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். கடைக்கு நேர் எதிரே சொர்ணம்மாளின் மூன்று மாடிக் கட்டடம். அறைக்கு ஆறு பெண்கள். எல்லோரும் தென்காசி, சங்கரன்கோவில், விளாத்திகுளம் பக்கத்திலிருந்து வந்து, நெடுஞ்சாலையில் இருக்கிற ஒரு கம்பெனியில் செல்போன் பூட்டுகிறவர்கள். மூன்று ஷிப்டு. ஆகவே எந்த நேரம் எட்டிப் பார்த்தாலும் அந்தக் கட்டடத்தில் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள், மீதிப் பேர் தலை பின்னிக்கொண்டிருப்பார்கள். சொர்ணம்மாள் வாடகைக்கு வரும்போது மட்டும் மொத்தக் கட்டடமும் தூங்கும்.

முதல் மாடியில் தெருப்பக்கத்து அறைக்கு மாரிசெல்விதான் தலைவி. யாரும் தேர்ந்தெடுக்கவில்லை, அவளே ஆகிவிட்டாள். கம்பெனியில் அவள் குவாலிட்டி. வரிசையில் வரும் போனை விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்து, சரியாக இருந்தால் ஓகே, தேறாவிட்டால் என்ஜி என்று ஒதுக்குவது அவள் வேலை. சும்மா ஒதுக்கிவிட முடியாதாம். கீறல் எந்த இடத்தில், இடைவெளி எந்த ஓரத்தில் என்று அந்த இடத்தையே காட்டுகிற மாதிரி ஒரு குட்டிச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்ட வேண்டும். அம்பு ஒட்டாமல் என்ஜி என்று சொன்னால் அவளுக்கே திட்டு விழும். இந்தப் பழக்கத்தை அவள் கம்பெனி வாசலில் விட்டுவிட்டு வருவதில்லை. ஒரு நாள் என் மாவு பாக்கெட்டையே தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "இந்த மூலைல ஒரு முழு உளுந்து கெடக்கு, பாருங்கக்கா" என்று விரல் வைத்துக் காட்டினாள். பதினேழு வருடமாக மாவு விற்கிறேன். அன்றைக்கு அவளுக்குப் பாக்கெட் மாற்றிக் கொடுத்த ஆத்திரம் எனக்கு இன்னும் முழுதாக ஆறவில்லை.

அவள் ஊரிலிருந்து அழைத்து வந்தவள்தான் தங்கமாரி. "சித்திகிட்ட நான் பாத்துக்கிடுதேன்னு சொல்லிக் கூட்டியாந்துருக்கேன்" என்று வாரத்துக்கு ஒரு முறையாவது மாரிசெல்வி சொல்லுவாள். தங்கமாரிக்கு இருபத்திரண்டு வயது. வந்த புதிதில் தோசை விஷயத்தில் அவளுக்கு எண்ணிக்கை என்பதே கிடையாது. அறைக்கு வாங்கும் இரண்டு பாக்கெட்டில் ஒன்று அவளுக்கு என்று மற்றவர்கள் கிண்டல் செய்வார்கள். இரண்டு மாதமாக அந்த அறைக்கு ஒரு பாக்கெட் போதும் என்றாகிவிட்டது. ஆறு பேரும் அதே ஆறு பேர். மாவு விற்கிறவளுக்கு இதற்கு மேல் யாரும் எதையும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த நிலையில்தான், ஒன்றாம் தேதி, கம்பெனியில் எல்லோருக்கும் ஒரு புத்தகம் கொடுத்தார்கள். 'மன நலம் காக்க முப்பது நாள்' என்று பெயர். அட்டையில் ஒரு பெண் சம்மணம் போட்டுக் கண்ணை மூடியிருந்தாள். அவள் தலைக்குள்ளிருந்து ஒரு செடி முளைத்திருந்தது. அதே அறையில் இருக்கும் செல்வலட்சுமி தன் புத்தகத்தைத் தோசைக்கல்லுக்கு அடியில் வைத்துவிட்டுப் போக, நான் எடுத்து ஒரே மூச்சில் படித்தேன். நல்ல புத்தகம்தான், குறை சொல்லக் கூடாது. தினமும் ஒரே நேரத்தில் தூங்கி ஒரே நேரத்தில் எழுந்திருக்கச் சொல்லியிருந்தது. வாரா வாரம் ஷிப்டு மாற்றுகிற கம்பெனியே இதையும் அச்சடித்துக் கொடுத்திருக்கிறது. காலை வெயிலில் அரை மணி நேரம் நடக்க வேண்டும், ஒரு வேளையாவது எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும், பால்கனியில் செடி வளர்க்கலாம், நம்பிக்கையான ஒருவரிடம் மனம்விட்டுப் பேச வேண்டும். சொர்ணம்மாள் கட்டடத்தில் பால்கனி என்பது துணி காய்கிற கம்பி.

கடைசிப் பக்கத்தில் முப்பது கட்டம் போட்ட ஒரு அட்டவணை. இன்றைக்குத் தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, மனசு எப்படி என்று தினமும் எழுதி, மாதக் கடைசியில் ரத்னா மேடத்திடம் கொடுக்க வேண்டும். கம்பெனியில் பெண்கள் நலம் பார்க்கிற அதிகாரி அவர். கொடுத்தவர்களுக்கு ஒரு ஸ்டீல் தண்ணி பாட்டில் உண்டு.

பாட்டில் என்றதும் அந்த அறை என்ன செய்தது தெரியுமா? ஒன்றாம் தேதி சாயங்காலமே ஆறு பேரும் வட்டமாக உட்கார்ந்து, முப்பது நாளுக்கும் ஓகே, ஓகே, ஓகே என்று எழுதி முடித்துவிட்டார்கள். இதைச் சொன்னவள் செல்வலட்சுமி. சொல்லும்போது அவள் முகத்தில் வெட்கமே இல்லை.

"இருபத்தி மூணாந்தேதி உன் மனசு எப்பிடி இருக்கும்னு உனுக்கு இப்பவே எப்பிடிமா தெரியும்?" என்று கேட்டேன்.

"லைன்ல செக் ஷீட்டு அப்படித்தான்க்கா எழுதுவோம். மெஷின் சூடு சரியா, கைப்பட்டை சரியான்னு மணிக்கு ஒருக்க எழுதணும். யாருக்கு நேரம் இருக்கு? ஷிப்டு ஆரம்பத்துலயே எட்டு மணி நேரத்துக்கும் ஓகே போட்டுருவோம். ஆடிட்காரவ பேப்பரத்தான பாப்பாவ?"

"அது மெஷினு. இது மனசு."

"ரெண்டுக்கும் ஒரே கட்டந்தானக்கா." பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் மூணு பேனா வச்சு எழுதுனேன். ஒரே மையா இருந்தா ஒரே நாள்ல எழுதுனதுன்னு கண்டுபிடிச்சிருவாவ" என்றாள்.

இந்தப் பெண்ணுக்கு எதிர்காலம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

நாலாம் தேதி காலை பத்து மணி இருக்கும். கீழே கிரைண்டரில் அரிசி ஓடிக்கொண்டிருந்தது. சில்லறை பாக்கி கொடுக்கிற சாக்கில் மாடிக்குப் போனேன். சில்லறையைச் சாயங்காலம் அவர்கள் மாவு வாங்க வரும்போதும் கொடுத்திருக்கலாம். அறையில் தங்கமாரி மட்டும் பாயில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். முந்தின ராத்திரிதான் நைட் ஷிப்டு தொடங்கியிருந்தது. காலையில் ஏழு மணிக்கு வந்தவள் இந்நேரம் தூங்கிக்கொண்டிருக்க வேண்டும். சுவரில் ஆறு அட்டவணையும் வரிசையாக ஒட்டியிருந்தன. கண் இருக்கிறதே, படித்தேன். ஐந்தில் முப்பது ஓகே. தங்கமாரியுடையதில் இருபத்தொன்பதுதான். முப்பதாவது கட்டம் காலி.

புத்தகத்தில் ஒரு பக்கம் இருந்தது: ஒருவர் உயிரை விட நினைக்கிறாரோ என்று சந்தேகம் வந்தால் சுற்றி வளைக்காமல் நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த நினைப்பு புதிதாக வந்துவிடாது என்று. ஊரில் யாரிடமும் எதையும் கேட்கத் தயங்காத எனக்கு அன்றைக்கு நாக்கு எழவில்லை. சில்லறையை மூன்று தரம் எண்ணினேன். பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டே விட்டேன்.

"கண்ணு, உயிர வுட்டுடலாம்னு எதுனா நெனப்பு கீதா உனுக்கு?"

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "அய்யய்யோ, என்னக்கா இப்படிக் கேக்கிய! அதெல்லாம் இல்லக்கா."

"அப்புறம் இன்னாத்துக்கு முப்பதாவது கட்டம் சும்மா கெடக்கு?"

அவள் கண்ணில் தண்ணீர் வந்தது. "முப்பதாந்தேதி நான் இங்க இருக்க மாட்டேன்க்கா. அண்ணன் வந்து கூட்டிட்டுப் போயிரும். இல்லாத நாளுக்கு எப்படி ஓகே போடன்னு விட்டுட்டேன்."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. அடுத்த நிமிடமே கோபமும் வந்தது. "போறியா? மாரிசெல்விக்குத் தெரியுமா?"

"தெரியாது. சொன்னா விட மாட்டா. பேக்கெல்லாம் கட்டி வச்சிட்டேன்." சுருட்டி வைத்த பாய்களுக்குப் பின்னால் ஒரு நீலப் பை தெரிந்தது.

கேட்கக் கேட்க மெல்ல வந்தது. இரண்டு மாதத்துக்கு முன்னால் இவள் கைக்கு வந்த ஒரு போன் ஒரு ஸ்க்ரூ குறைந்து போய்விட்டதாம். கடைசியில் பிடித்துவிட்டார்கள். சூப்பர்வைசர் அந்தப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, லைனை நிறுத்தி, அத்தனை பேர் முன்னாலும் கத்தியிருக்கிறான். அன்றிலிருந்து கண்ணை மூடினால் போன் ட்ரே ட்ரேயாக வந்துகொண்டே இருக்கிறதாம்.

"தூங்குனாலும் வெரலு மட்டும் ஸ்க்ரூ எடுத்துக்கிட்டே கெடக்கும்க்கா. பாதித் தூக்கத்துல முழிச்சா நெஞ்சு படபடன்னு அடிக்கும். தூக்கமில்லாமப் போனா லைன்ல கை நடுங்குது. நடுங்குனா இன்னொண்ணு விட்டுருவேனோன்னு பயம். அண்ணன்ட்ட போன்ல அழுதுட்டேன். வந்துருன்னுட்டு. சங்கரன்கோயில்ல ஒரு ஜவுளிக் கடைல சொல்லி வச்சிருக்கு."

"உனுக்குப் போகணும்னு இஷ்டமா?"

அந்தக் கேள்விக்குத்தான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். "இல்லக்கா. ஊர்ல நான் கொம்பையா தங்கச்சி. யாரும் எம்பேரச் சொன்னதே கெடையாது. இங்கதான் கழுத்துல எம்பேரு போட்ட அட்டை தொங்குது. எல்லாரும் தங்கமாரி, தங்கமாரிங்காவ." மூக்கைத் துடைத்தாள். "தூக்கம் வந்தாப் போதும்க்கா, நான் இங்கயே கெடந்துருவேன். வர மாட்டேங்குதே. நீங்க மாரிசெல்விட்ட சொல்லிராதீங்க."

சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். லூர்து மாதா மேல் செய்தேன், என் பெயரும் லூர்தம்மாள் என்பதால் கொஞ்சம் அழுத்தமாகவே செய்தேன். அந்தச் சத்தியத்தை இரண்டு நாள் காப்பாற்றினேன். என் வாழ்நாளில் அது பெரிய சாதனை, எங்கள் வீட்டுக்காரரே அன்று ராத்திரி, "இன்னா, ஒடம்பு சரியில்லியா? பேசாம கீற?" என்று கேட்டார்.

ஆறாம் தேதி மத்தியானம் மாரிசெல்வியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் கத்துவாள், அழுவாள் என்று எதிர்பார்த்து, தண்ணீர் கூடக் கொண்டுவந்து வைத்திருந்தேன். அவள் கேட்டு முடித்துவிட்டு, "ரெண்டு மாசமா இப்படிப் பக்கத்துப் பாயில கெடந்துருக்கா. நான் பாக்கல பாருங்க. இதுல நான் குவாலிட்டி" என்றாள். தண்ணீரைக் குடித்தாள். எழுந்து ஃபேன்சி ஸ்டோர் பக்கம் போய்விட்டாள்.

மறுநாள் காலை அந்த அறையில் நடந்ததை நான் படிக்கட்டில் நின்று பார்த்தேன். கதவு திறந்திருந்தது. கதவைத் திறந்தது நான்தான், அது வேறு விஷயம். மாரிசெல்வி தங்கமாரியின் அட்டவணையைச் சுவரிலிருந்து கிழித்தாள்.

"ஏட்டி, இது என்ன? இருபத்தொம்போது நாளும் ஓகேயா? உன் மூஞ்சியக் கண்ணாடில பாத்தியா?"

"எல்லாரும் போட்டாவ, நானும் போட்டேன்."

"எல்லாரும் போட்டா? நீ கெளம்புதேன்னு ஒரு வார்த்த என்ட்ட சொன்னியாட்டி?" இதைக் கேட்டதும் தங்கமாரி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் மேற்கூரையைப் பார்த்தேன்.

மாரிசெல்வி புதிதாக முப்பது கட்டம் போட்ட ஒரு தாளைச் சுவரில் ஒட்டினாள். கடையில் வாங்கிய சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒரு கொத்தாகப் பாயில் போட்டாள். "இனிமே உள்ளதத்தான் போடணும். என்ஜின்னா என்ஜி. ஆனா சும்மா மனசு சரியில்லன்னு சொன்னா நான் ஒத்துக்கிட மாட்டேன். எந்த எடத்துலன்னு அம்பு ஒட்டு."

"எங்கன்னு ஒட்ட? எல்லாமே சரியில்ல."

"எல்லாமே சரியில்லன்னு ஒரு பீஸும் கெடையாதுட்டி. பதினாலு மாசத்துல உன் கையில எத்தன என்ஜி? நான் சிஸ்டத்துல பாத்துட்டேன். ஒண்ணு. ஒண்ணே ஒண்ணு. இப்பச் சொல்லு, காலைல ஏழு மணிக்கு வந்து படுக்க. பெறகு என்ன ஆவுது?"

தங்கமாரி யோசித்தாள். எட்டு மணிக்குக் கண் அசரும். ஒன்பது மணிக்குக் காலை ஷிப்டு போன செல்வலட்சுமி மறந்து வைத்துவிட்டுப் போன கடிகார அலாரம் அடிக்கும். அவள் எழுந்து, உள்ளே காய்கிற துணிக்கு நடுவே தடவி, கடிகாரத்தின் மேல் ஒரு அம்பை ஒட்டினாள். மேலே டியூப் லைட் யாராவது போட்டபடியே இருக்கும். ஸ்விட்சுக்கு ஒரு அம்பு. "ஓ.டி. பாக்கப் போறியான்னு கேட்டா எனக்கு இல்லன்னு சொல்ல வர மாட்டேங்கு" என்று தன் அடையாள அட்டையில் ஒன்றை ஒட்டினாள். அதற்கே மாரிசெல்வி கை தட்டினாள்.

"பெறகு?"

தங்கமாரி ஜன்னலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"சொல்லுட்டி."

"பெறகு ஒம்போதரைக்கு… அது ஆரம்பிக்கும்."

"எது?"

தங்கமாரி ஒரு அம்பை எடுத்துக்கொண்டு எழுந்தாள்; இரண்டு பேரும் என்னைக் கடந்து படியிறங்கினார்கள். நானும் ஆவலாகப் பின்னாலேயே போனேன். தெருவைத் தாண்டி, என் கடைக்குள் நுழைந்து, என் கிரைண்டரின் வயிற்றில், கம்பெனி பெயருக்குக் கீழே, அந்தச் சிவப்பு அம்பை ஒட்டினாள் தங்கமாரி. அப்போதும் அது கடகடவென்று ஓடிக்கொண்டுதான் இருந்தது.

எனக்கு வந்ததே கோபம்! "இன்னாமா இது! ஊர்ல கீற கொறையெல்லாம் வுட்டுட்டு என் கிரைண்டர்லயா வந்து ஒட்டுவீங்கோ? பதினேழு வருஷமா ஓடுது, இதுவரைக்கும் ஒருத்தரும் ஒரு சொல்லு சொல்லல!"

"கோவிச்சுக்கிடாதீங்கக்கா" என்றாள் தங்கமாரி, அழுகிற மாதிரி. "அரிசி ஓடும்போது எங்க பாய் அதிருது. நாந்தான் இத்தன நாளும் சொல்லல."

மாரிசெல்வி மட்டும் அசையவில்லை. "அக்கா, இத நீங்க நிறுத்த வேண்டாம். நேரத்த மாத்துனாப் போதும்." கட்டடம் முழுக்க யார் எப்போது தூங்குகிறார்கள் என்று ஒரு தாளில் எழுதியே வைத்திருந்தாள். காலையில் நைட் ஷிப்டு தூங்குகிறது. ராத்திரி காலை ஷிப்டு தூங்குகிறது. யாருமே தூங்காத நேரம் நாளுக்கு இரண்டே மணி நேரம்தான்: சாயங்காலம் நாலிலிருந்து ஆறு.

அந்த நாலிலிருந்து ஆறு என்பது என்ன நேரம் என்று அவளுக்குத் தெரியாது. காலை ஷிப்டு பஸ்ஸிலிருந்து இறங்கி வரும். நைட் ஷிப்டு எழுந்து பல் தேய்க்க வரும். இரண்டும் என் கடை வாசலில் சந்திக்கும். யார் லைன் மாறினாள், யாருக்குப் பெண் பார்க்க வந்தார்கள், சொர்ணம்மாள் யாரிடம் என்ன சொன்னாள், எல்லாம் அந்த இரண்டு மணி நேரத்தில்தான். அந்த நேரத்தில் கிரைண்டரைப் போட்டால் எனக்கு ஒரு வார்த்தை காதில் விழாது.

முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அன்று பூராவும் அந்த அம்பு என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. நகத்தால் பிய்த்துப் பார்த்தேன், நல்ல பசை. மறுநாள் காலை ஒன்பதரைக்கு ஸ்விட்சில் கை வைத்தேன். எதிர் ஜன்னலில் திரை இழுத்திருந்தது. அதற்குள் ஒரு பெண் விரலை அசைத்துக்கொண்டு கிடப்பாள் என்று நினைப்பு வந்தது. கையை எடுத்துவிட்டேன். அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு அரைத்தேன். மாவு ராத்திரி பொங்கிக் காலையில் தயாராக இருந்தது. வியாபாரத்துக்கு ஒன்றும் கெடுதல் இல்லை. இரண்டாம் மாடி ரேவதியின் நிச்சயதார்த்தம் நின்றுபோன கதையை மட்டும் நான் இன்றுவரை முழுசாகக் கேட்கவில்லை.

உடனே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது செல்வலட்சுமியின் அட்டவணை மாதிரி ஆகிவிடும். அந்த வாரம் தங்கமாரி நாலு மணி நேரம் தூங்கினாள், பிறகு ஐந்து. அடுத்த வாரம் மத்தியான ஷிப்டு வந்ததும் மறுபடி குலைந்தது. பத்தொன்பதாம் தேதி கட்டத்தில் ஒரே நாளில் மூன்று அம்பு. அன்றைக்கு அந்தச் சூப்பர்வைசர் அவள் பின்னால் வந்து நின்றானாம், ஒன்றும் சொல்லவில்லையாம், நின்றதற்கே கை நடுங்கிவிட்டது. நீலப் பை அறை மூலையில் கட்டினபடியே இருந்தது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் அதைக் காலால் ஒதுக்கிவிட்டுப் போனார்கள், அவிழ்க்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை.

இருபதாம் தேதி நாலு மணிக்குத் தங்கமாரி என் கடைக்கு வந்தாள். கையில் அந்தப் புத்தகம்.

"எக்கா, மனசு விட்டுப் பேச இதுல ஒரு நம்பர் போட்டுருக்கு. ஒண்ணு நாலு நாலு ஒண்ணு ஆறு. சர்க்காருது, காசு கெடையாதுங்காவ. ரூம்ல வச்சுப் பேச முடியாது. உங்க உள்ரூம்ல வச்சுப் பேசட்டுமா?"

"பேசு கண்ணு, இதெல்லாம் கேக்கணுமா?" என்று நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டு, கதவுக்கு இந்தப் பக்கம் வெங்காயம் உரிக்க உட்கார்ந்தேன். எனக்கு அன்று வெங்காயம் தேவையில்லை.

கதவு கொஞ்சம் திறந்து தலை மட்டும் வெளியே வந்தது. "அக்கா, மணி நாலாச்சு. கிரைண்டரப் போடுங்க."

"இருக்கட்டும்மா, நீ பேசி முடி. அப்புறம் போட்டுக்கிறேன்."

"இல்லக்கா. நீங்க போடுங்க." சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் இரண்டு மாதமாகப் பார்க்கவில்லை.

போட்டேன். அரை மணி நேரத்துக்கு மேல் பேசினாள். கண்ணாடிச் சட்டம் வழியாக அவள் கை ஆட்டுவது மட்டும் தெரிந்தது. ஒரு முறை அழுதாள், ஒரு முறை எதையோ புத்தகத்து ஓரத்தில் எழுதினாள். வெளியே வந்ததும், "இன்னா சொன்னாங்கோ?" என்று கேட்டேன். "நல்லாப் பேசுனாவ" என்றாள். அவ்வளவுதான். அந்த வாரத்திலேயே இன்னும் இரண்டு தரம் வந்து பேசினாள், இரண்டு தரமும் என்னிடம் முதலில் கிரைண்டரைப் போடச் சொன்னாள். அவர்கள் சொல்லித்தான் ரத்னா மேடத்தைப் பார்த்தாள் என்பதும், சூப்பர்வைசர் கத்தியதை எழுதிக் கொடுத்தாள் என்பதும், பத்து நாளைக்கு ஓ.டி. வேண்டாம் என்று வாயைத் திறந்து கேட்டாள் என்பதும் எனக்குச் செல்வலட்சுமி சொல்லித்தான் தெரியும். சூப்பர்வைசர் ஒன்றும் மாறிவிடவில்லை. ஆனால் இப்போது பின்னால் வந்து நிற்பதில்லையாம்.

இருபத்து நாலாம் தேதி மறுபடி நைட் ஷிப்டு.

முப்பதாம் தேதி காலை ஒன்பது மணிக்கு ஒரு ஆள் தெருமுனையில் நின்று கட்டடங்களை அண்ணாந்து பார்த்தான். கிளாம்பாக்கத்தில் இறங்கி, ஒரகடம் வழியாக இரண்டு பஸ் மாறி வந்த களைப்பு சட்டையில் தெரிந்தது. நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

"கொம்பையாவா?"

"ஆமா. எப்படிக்கா தெரியும்?"

எனக்கு எப்படித் தெரியாமல் போகும்? அதற்குள் மாரிசெல்வி படிக்கட்டில் வந்து நின்றாள். அந்த வாரம் அவளுக்கு மத்தியான ஷிப்டு. "அண்ணே, அவ எட்டு மணிக்குத்தான் தூங்குனா. எழுப்பக் கூடாது. அக்கா கடைல இருங்க."

"ஏட்டி, ஒம்போதரைக்குக் கெளம்புனாத்தான் மத்தியான பஸ்ஸப் புடிக்க முடியும்."

"எழுப்பக் கூடாதுண்ணே."

அவன் என் கடை ஸ்டூலில் உட்கார்ந்தான். எனக்கு ஆறு மணி நேரத்துக்கு ஒரு புது ஆள் கிடைத்தான். அவன் வீட்டுக்கூரை, மாமனார், இரண்டாவது பையனுக்குக் காதுகுத்து வரைக்கும் கேட்டு முடித்தேன். நடுவில் தண்ணீர் பிடிக்க, துணி வாங்க என்று இறங்கி வந்த பெண்கள் எல்லோரும் அவனை எட்டிப் பார்த்து, "இவிய யாருக்கா?" என்று கேட்டார்கள். "தங்கமாரி அண்ணன்" என்றேன். "தங்கமாரி அண்ணனா, வாங்கண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். நாலாவது தரம் அப்படிக் கேட்டபோது அவனே முந்திக்கொண்டு, "நான் தங்கமாரி அண்ணன்" என்றான்.

பதினொரு மணிக்கு எட்டிப் பார்த்தான். ஒரு மணிக்கு மாரிசெல்வி வேலைக்குக் கிளம்பினாள். போகும்போது என்னைப் பார்த்து, "அக்கா, உங்க பொறுப்பு" என்றாள். இரண்டு மணிக்குக் கொம்பையா எழுந்து நின்றான்.

"எக்கா, இவ்வளவு நேரமா ஒருத்தி தூங்குவா? உள்ள நெசமாத்தான் இருக்காளா?"

"கீறா, கீறா. ஏன், உனுக்கு இன்னா அவசரம்?"

"தூக்கமே இல்ல, பைத்தியம் புடிச்சிரும்போல இருக்குன்னு போன்ல அழுதாக்கா. அதுக்குல்லா நான் கூட்டிட்டுப் போவ வந்தேன்!"

"அதான் தூங்குறாளே. இன்னும் இன்னாத்துக்குக் கூட்டினு போற?"

அவன் மறுபடி ஸ்டூலில் உட்கார்ந்து எதிர் ஜன்னலின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று மணிக்குத் தனக்குள் பேசுகிற மாதிரி, "ஏழு மணி நேரம் ஆயிட்டு" என்றான். அதில் கோபம் இல்லை. அவன் சின்ன வயதில் அவளைத் தொட்டிலில் ஆட்டியிருப்பானோ என்னவோ, அப்படி ஒரு குரல்.

மூன்றே முக்காலுக்குத் திரை விலகியது. முடியை அள்ளி முடிந்தபடி, கன்னத்தில் பாயின் கோடு பதிந்திருக்க, தங்கமாரி இறங்கி வந்தாள். அண்ணனைப் பார்த்ததும் நின்றாள்.

"எண்ணே, எப்ப வந்த?"

"காலைல."

"எழுப்ப வேண்டியதுதான?"

"எவ விட்டா?" என்றான் கொம்பையா. "சாப்புட்டியாட்டி?"

"இல்ல. பசிக்கி." என் பக்கம் திரும்பினாள். "அக்கா, மாவு இருக்கா? ரெண்டு பாக்கெட்."

எடுத்துக் கொடுத்தேன். அவள் அங்கேயே, பேனாவைக் கேட்டு வாங்கி, உள்ளங்கையில் எதையோ எழுதிக்கொண்டாள். எட்டிப் பார்த்தேன். 'முப்பது: ஏழே முக்கால் மணி நேரம்' என்று இருந்தது. மாடியில் அந்தக் கட்டத்தை நிரப்புவதற்குள் மறந்துவிடக் கூடாதாம்.

பிறகு அண்ணனிடம் திரும்பி, "எண்ணே, உன்ட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தாள்.

சரியாக அந்த நேரம் கடைச் சுவரில் மணி நாலு அடித்தது. ஊறின அரிசி தயாராக இருந்தது. ஆறு மணிக்கு மேல் ஓட்டினால் மாடியில் காலை ஷிப்டுக்காரிகள் படுக்க ஆரம்பித்துவிடுவார்கள். இரண்டு பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் அந்தச் சிவப்பு அம்பைப் பார்த்தேன். சபித்துக்கொண்டே ஸ்விட்சைப் போட்டேன்.

ஆகவே அவர்கள் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன். அவள் நிறையப் பேசினாள். அவன் தலையைச் சொறிந்தான். ஏதோ ஒரு இடத்தில் இரண்டு பேரும் என் பக்கம் திரும்பிச் சிரித்தார்கள்; அது எதற்கென்று கேட்டதற்கு இன்னும் பதில் வரவில்லை. அவள் மேலே போய் நீலப் பையைத் தூக்கி வந்து அவன் கண் முன்னால் அவிழ்த்தாள். அம்மாவுக்கு என்று வைத்திருந்த ஒரு சேலை, அண்ணன் பிள்ளைகளுக்கு இரண்டு சட்டை, அவற்றை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். பாக்கித் துணியோடு பையைத் திரும்ப மாடிக்கே தூக்கிக்கொண்டு போனாள்.

செல்வலட்சுமிக்கு ஸ்டீல் பாட்டில் கிடைத்துவிட்டது. மூன்று பேனாவில் எழுதிய முப்பது ஓகேக்காக ரத்னா மேடம் அவளைப் பாராட்டவும் செய்தாராம். தங்கமாரி தன்னுடையதைக் கொடுக்கவில்லை. இன்னும் அது அந்த அறைச் சுவரில்தான் இருக்கிறது. பதினேழு அம்பு, நான் எண்ணினேன். அடுத்த மாதத்துத் தாளையும் பக்கத்தில் ஒட்டிவிட்டாள். ஒன்றாம் தேதி கட்டத்தில் ஒரு அம்பு இருந்தது. எதற்கு என்று கேட்டேன்.

"நேத்து மாவுல உப்பு கூடிட்டுக்கா" என்றாள்.